மிச்சம் வைத்தால் அரைகுறை அறுவை சிகிச்சையா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 34. இரண்டு குழந்தைகளின் தாய். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இடது காலில் ஒருவிதக் கனம் தொடங்கியது. நடக்கும்போது செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நாலடி போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 12 கிலோ எடை கூடியது. அதிலிருந்து வலது காலும் மரத்துப்போகிறது. கண்ணை மூடி முகம் கழுவினால் தள்ளாடுகிறேன். நான்கு மாதங்களாகச் சிறுநீர் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மார்புப் பகுதி முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு தொடங்கி ஏழாவது எலும்பு வரை தண்டுவடத்தில் கொழுப்புக் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். முதலில் பார்த்த நிபுணர், "ஆபரேஷன் செய்வது நல்லது, ஆனால் முழுவதும் எடுக்க முடியாது" என்றார். இரண்டாமவர், "மெதுவாக வளர்வதுதானே, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார். என் தம்பியோ, முழுவதும் எடுத்தால்தான் பலன் என்று மருத்துவக் கட்டுரையே இருக்கிறது, பாதியை விட்டுவைக்கிற டாக்டரிடம் ஏன் போக வேண்டும் என்கிறான். இது புற்றுநோயா? மிச்சம் வைத்தால் மறுபடி வளராதா? என் குழந்தைகளுக்கும் வருமா? நடக்க முடியாமல் போய்விடுவேனா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

செருப்பு கழன்றது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் அறிக்கையைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொன்னது. கால் எங்கே இருக்கிறது, தரையில் எப்படிப் பதிகிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் முதுகுப்புறமாக ஓடுகின்றன. அவை நசுங்கினால் பாதம் இருட்டில் நிற்பது போலாகிவிடும். கண் திறந்திருக்கும் வரை பார்வை அந்தக் குறையை ஈடுகட்டும். கண்ணை மூடினால் ஈடுகட்ட ஆளில்லை. அதனால்தான் முகம் கழுவும்போது தள்ளாட்டம். உங்களுக்கு வந்திருக்கும் வகைக் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே நீங்கள் சொல்லும் தொந்தரவும் ஸ்கேன் காட்டும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இது நல்ல செய்தி. ஸ்கேனில் ஒன்று தெரிந்து, உடம்பு வேறொன்றைச் சொல்லும்போதுதான் எங்களுக்குத் தலைவலி.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை. எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், இடுப்பில் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்புக்கும் இதற்கும் வேறுபாடு சொல்ல முடியாது. நன்கு முதிர்ந்த, சாதுவான கொழுப்புச் செல்கள். இடம் மாறி உட்கார்ந்துவிட்டவை, அவ்வளவுதான். எங்களில் பலர் இதைக் கட்டி என்று அழைக்கவே தயங்குவோம். பிறவியிலேயே நேர்ந்த ஓர் அமைப்புப் பிழை என்பதே சரியான பெயர். கருவின் மூன்றாவது, நான்காவது வாரத்தில், தட்டையாக இருக்கும் நரம்புத் தகடு இருபுறமும் மடிந்து முதுகுப்புறத்தில் ஒட்டிக்கொண்டு குழாயாகிறது. அதே சமயத்தில் மேலே இருக்கும் தோல் படலம் அதிலிருந்து பிரிந்து தனியாகிறது. குழாய் முழுவதும் மூடுவதற்கு முன்பே தோல் படலம் அவசரப்பட்டுப் பிரிந்துவிட்டால், அந்தச் சிறு இடைவெளியில் பக்கத்திலிருக்கும் இணைப்புத் திசு நுழைந்துவிடும். பின்னாளில் அது கொழுப்பாக மாறித் தண்டுவடத்தின் முதுகில் தங்கிவிடும். பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான். கொழுப்பு ஏன் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கிறது என்பதையும் இது சொல்லிவிடுகிறது.

அதாவது, இது உங்களோடு பிறந்தது. நீங்கள் சாப்பிட்டதாலோ, தூக்கிய பாரத்தாலோ, பிரசவத்தாலோ வந்தது இல்லை. உங்கள் குழந்தைகளுக்கு இது பரம்பரையாகப் போகும் நோயும் இல்லை. அவர்களுக்குத் தொந்தரவு ஏதும் இல்லாதபோது ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

எவ்வளவு அபூர்வம் என்றால், முதுகெலும்புக் கால்வாய்க்குள் வரும் கட்டிகள் நூறை எடுத்துக்கொண்டால், எலும்பில் பிறவிப் பிளவு எதுவும் இல்லாத இந்த வகை அதில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு நரம்பு அறுவை நிபுணர் தன் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இதைப் பார்ப்பார். இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பிறவியிலேயே இருந்தாலும், தொந்தரவு தெரியவருவது பெரும்பாலும் மூன்று பருவங்களில்: ஐந்து வயதுக்குள் சிலருக்கு, பதின்பருவத்திலிருந்து முப்பது வயதுக்குள் பலருக்கு, நாற்பதுகளில் இன்னும் சிலருக்கு. உங்களுக்கு முதல் அறிகுறி வந்தபோது வயது 31. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

இப்போது உங்கள் தம்பி படித்த கட்டுரைக்கு வருகிறேன். அவர் கண்டுபிடித்தது பொய் இல்லை என்றே நினைக்கிறேன். அது வேறு நோயாளிகளைப் பற்றியது. "தண்டுவடக் கொழுப்புக் கட்டி" என்ற ஒரே பெயரின் கீழ் குறைந்தது இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, இடுப்புப் பகுதியில், முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைகளுக்கு வருவது. அங்கே தோலுக்கடியில் உள்ள கொழுப்பு எலும்பின் பிளவு வழியாக உள்ளே புகுந்து, தண்டுவடத்தின் நுனியைக் கீழே இழுத்துக் கட்டிப்போட்டிருக்கும். குழந்தை வளர வளர அந்தக் கட்டு இறுகும். அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் டாக்லிங் பாங் அந்த வகைக்குத்தான், கொழுப்பைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துத் தண்டுவடத்தை மறுபடி குழாயாகத் தைத்து மூடும் முறையை வளர்த்தெடுத்து, அதன் பலன்களை வெளியிட்டார். அங்கே எதிரி, இழுக்கும் கட்டு. கொழுப்பு மிச்சமிருந்தால் தண்டுவடம் மீண்டும் ஒட்டிக்கொண்டு இழுபடும் என்ற கவலையில் பிறந்த முறை அது.

உங்களுடையது இரண்டாவது வகை. எலும்பு ஒழுங்காக மூடியிருக்கிறது, தோலில் அடையாளம் இல்லை, இடம் மார்புப் பகுதி. இங்கே எதிரி, நெரிசல். இழுத்துக் கட்டியதை அவிழ்ப்பதும் நெரிசலில் சிக்கியவனுக்கு இடம் விடுவதும் ஒரே வேலையா? அந்தக் கட்டுரையின் முடிவை உங்கள் மார்புத் தண்டுவடத்துக்கு அப்படியே பொருத்துவது, வீடு மாறி வந்த கடிதத்தை உறை பிரித்துப் படிப்பது போன்றது. (இன்னும் இரண்டு இருக்கின்றன, அவற்றோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்டுவடம் முடிந்தபின் அதன் வால் இழையில் கோடு போலத் தெரியும் கொழுப்பு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்யாது. இன்னொன்று, நீண்டகால ஸ்டீராய்டு மருந்தாலும் உடல் பருமனாலும் தண்டுவட உறைக்கு வெளியே கொழுப்பு பெருகுவது. அதன் வைத்தியமே தனி.)

சரி, ஏன் முழுவதும் எடுக்க முடியாது?

தண்டுவடத்துக்கு மூன்று உறைகள் உண்டு. வெளியே தடித்த டியூரா, நடுவில் சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு, கடைசியாகத் தண்டுவடத்தின் மேனியோடு ஒட்டிய, வெங்காயச் சருகைவிட மெல்லிய பயா. உங்கள் கொழுப்பு இந்தக் கடைசி உறைக்கும் உள்ளே, நரம்புத் திசுவின் மேலேயே படிந்திருக்கிறது. வேறு சில தண்டுவடக் கட்டிகளைச் சுற்றி ஒரு மெல்லிய எல்லை கிடைக்கும்; அதில் கருவியை நுழைத்து மெதுவாகப் பிரித்துக்கொண்டே போனால் கட்டி தனியே வந்துவிடும். இங்கே அப்படி ஓர் எல்லை கிடையாது. கொழுப்பும் நரம்பிழைகளும் சந்திக்கும் இடத்தில் நார்த்திசு இரண்டையும் பின்னிப் பிணைத்திருக்கும். சில நேரம் நரம்பு வேர்களே கொழுப்பின் வழியாகத்தான் வெளியே வரும். செடியைப் பிடுங்கி வேரில் பிடித்த களிமண்ணை ஒரு துகள் மிச்சமில்லாமல் உதற முயன்று பாருங்கள். மண் போகும், சல்லிவேரும் போகும். மார்புப் பகுதியில் தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அந்த ஒரு மில்லிமீட்டரில் ஓடுவது ஒரு காலின் அசைவாக இருக்கலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொழிலில் இளையவனாக இருந்த காலத்தில், இதே போன்ற கட்டியுள்ள ஓர் இளைஞருக்கு அறுவை சிகிச்சை செய்தேன். பெரும்பகுதி எளிதாக வந்துவிட்டது. தண்டுவடம் தளர்ந்து, நன்றாகத் துடிக்கத் தொடங்கியது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடியில் மஞ்சளாக ஒரு மெல்லிய படலம் மின்னிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் ஸ்கேன் சுத்தமாக இருக்குமே என்று இன்னும் இருபது நிமிடம் சுரண்டினேன். மறுநாள் காலை அவருக்கு வலது கால் அசையவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடந்தார். ஸ்கேன் மட்டும் மிக அழகாக இருந்தது. அந்த மஞ்சள் படலத்தை இன்று பார்த்தால் நான் கருவியைக் கீழே வைத்துவிடுவேன்.

இது என் ஒருவனின் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகைக் கட்டியில், எவ்வளவு கொழுப்பு எடுக்கப்பட்டது என்பதற்கும் நோயாளி பின்னாளில் எவ்வளவு நன்றாக நடக்கிறார் என்பதற்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை. முழுவதும் எடுக்கப் போனவர்களில் புதிய பாதிப்புகள் வந்ததைத்தான் பழைய பதிவுகள் பேசுகின்றன. ஆகவே உங்கள் முதல் நிபுணர் "முழுவதும் எடுக்க முடியாது" என்று முன்கூட்டியே சொன்னதை நான் அவருடைய பலவீனமாகப் பார்க்கவில்லை. இந்தக் கட்டியை அறிந்தவர் பேசும் பேச்சு அது. "ஒரு துளி விடாமல் எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால்தான் நான் உங்கள் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிடுவேன்.

அப்படியானால் அறுவை சிகிச்சையில் என்னதான் செய்கிறார்கள்? இடம் உண்டாக்குகிறார்கள். கவிழ்ந்து படுத்த நிலையில், முதுகின் நடுவே கீறி, அந்த ஐந்து எலும்புகளின் பின்சுவரை எடுப்பார்கள், அல்லது கதவு போலத் திறந்து கடைசியில் திரும்பப் பொருத்துவார்கள். பின்சுவரைத் திறந்ததுமே நெரிசலில் ஒரு பங்கு குறையும். அடுத்து அறுவை நுண்ணோக்கியின் கீழ் டியூராவைத் திறந்தால் கொழுப்பு தெரியும்: வெளிர் மஞ்சள், மேலே மெல்லிய ரத்தக் குழாய்கள். அதை நடுவிலிருந்து குடைந்து குறைப்பார்கள். வெளியிலிருந்து பிடித்து இழுப்பதில்லை. இழுத்தால் அடியில் உள்ள நரம்பும் கூடவே இழுபடும். கார்பன் டை ஆக்சைடு லேசர் இங்கே நல்ல துணை. தொடாமலேயே, அடுக்கடுக்காகக் கொழுப்பை உருக்கி ஆவியாக்கிவிடும். லேசர் இல்லாத இடத்தில் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் திசுவை உடைத்து உறிஞ்சும் கருவியைப் பயன்படுத்துவார்கள். இரண்டில் எது என்பதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழகிய கை எதுவோ அது நல்லது. நரம்புக்கு மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படலத்தைத் தெரிந்தே விட்டுவிட்டு வெளியே வருவார்கள். டியூராவை அப்படியே இழுத்துத் தைத்தால் பழைய நெரிசல் திரும்பிவிடும் என்பதால், தொடைத் தசையின் உறையிலிருந்தோ செயற்கைத் தாளிலிருந்தோ ஒரு ஒட்டு வைத்து உறையை அகலமாக்கி மூடுவார்கள். இறுக்கமான சட்டையின் முதுகைப் பிரித்து ஒரு துண்டுத் துணி சேர்த்துத் தைக்கிற வேலைதான்.

இதற்கிடையில் நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது, உங்கள் கால் நரம்புகளோடு ஒரு நிபுணர் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். மூளைப் பகுதியைத் தலையின் மேலிருந்து மின்சாரத்தால் தூண்டி, செய்தி காலுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது ஒன்று. காலைத் தூண்டி, செய்தி மேலே வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. தண்டுவடத்தின் அருகிலேயே மின்முனை வைத்து, கீழே இறங்கும் அசைவுச் செய்தியின் வலுவை நேரடியாக அளப்பதும் உண்டு. அதற்கு டி-அலை என்று பெயர். அந்த அலை பாதிக்கும் கீழே விழுந்தால் அபாயம், கையை எடுக்க வேண்டும். இந்தக் கண்காணிப்புக்காகத் தசையைத் தளர்த்தும் மருந்தை மயக்க மருந்து நிபுணர் தவிர்ப்பார். இந்த வசதி இல்லாத இடத்தில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளாதீர்கள். கொழுப்பில் எங்கே நிறுத்துவது என்பதைக் கண் மட்டும் சொல்லிவிடாது என்பதை மேலே சொன்ன கதையில் பார்த்தீர்கள். அன்று எனக்கு அந்தக் கண்காணிப்புக் கருவி கிடையாது.

இரண்டாவது நிபுணர் சொன்ன "ஆறு மாதம்" பற்றி. ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, உடம்பில் எந்தக் குறியும் இல்லாதவருக்கு அது மிகச் சரியான அறிவுரை. நானும் அப்படியே சொல்வேன்: தொடாதீர்கள், பார்த்துக்கொண்டிருங்கள். ஆனால் உங்கள் கடிதத்தை அடுக்கிப் பார்க்கிறேன். முதலில் ஒரு கால், பிறகு மறு கால், பிறகு நிற்கும் நிதானம், இப்போது நான்கு மாதமாகச் சிறுநீர். ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவரிடம் சிறுநீர்த் தயக்கத்தைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. பல பெண்கள் அதைச் சொல்வதில்லை, பிரசவத்துக்குப் பிறகு இப்படித்தான் இருக்கும் போல என்று தாங்களே சமாதானம் செய்துகொள்கிறார்கள். உங்கள் நிலையில் அதுதான் மிக முக்கியமான வரி. இந்த நோயில் அறுவை சிகிச்சையின் பலன் பெரும்பாலும், அன்று மிச்சமிருக்கும் பலத்தைக் காப்பாற்றுவதுதான். இழந்தது திரும்புவது கொஞ்சம். நெடுநாள் இழந்தது திரும்புவது மிகக் கொஞ்சம். நன்றாக நடக்கும்போது அறுவை மேசைக்குப் போனவர் பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பார், சக்கர நாற்காலியில் போனவர் எழுந்து வருவது அரிது. ஆகவே ஆறு மாதம் காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. நாளைக்கே என்று ஓடவும் தேவையில்லை. தகுந்த இடத்தைத் தேடி, சில வாரங்களுக்குள் முடிவெடுங்கள்.

அதற்கு முன் ஸ்கேனைப் பற்றி ஒரு விஷயம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ.யின் டி-1 வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளை வெளேரென்று தெரியும். ஆனால் பழைய ரத்தக் கசிவும் அப்படித் தெரியலாம், வேறு சில கட்டிகளும் தெரியலாம். கொழுப்பின் ஒளியை மட்டும் அணைக்கும் படம் ஒன்று உண்டு. அதில் இந்த வெள்ளை கறுத்துப்போனால், கொழுப்பு என்பது உறுதி. மருந்து செலுத்தி எடுத்த படத்தில் இது கூடுதலாக ஒளிரக் கூடாது. கொழுப்பை அணைக்காமலே மருந்துப் படம் எடுத்துவிட்டு, "கட்டி ஒளிர்கிறது" என்று அறிக்கை எழுதி, நோயாளியைப் புற்றுநோய்ப் பயத்தில் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். அணைத்த படமும் சேர்ந்து தெளிவாக இருந்தால், சதை எடுத்துப் பரிசோதிக்கத் தனியாக ஓர் ஊசி தேவையில்லை. முதுகெலும்பு முழுவதையும் ஒருமுறை எடுத்துவிடுவதும் நல்லது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்? வலி இருந்தால் அது பெரும்பாலும் முதலில் குறையும். கால் பலமும் இறுக்கமும் மெதுவாக, மாதக் கணக்கில் தேறும். ஓராண்டு வரை சிறு சிறு முன்னேற்றம் வந்துகொண்டிருக்கும். பாதத்தின் அந்த "இருட்டு" கடைசியாகத்தான் விலகும், சிலருக்கு விலகாமலே போகும். தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில்தான் வேலை நடக்கிறது என்பதால், முதல் சில வாரங்கள் தள்ளாட்டம் முன்பைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். இதை முன்பே அறிந்திருங்கள். அறியாதவர்கள் "ஆபரேஷன் கெடுத்துவிட்டது" என்று மனம் உடைந்து பிசியோதெரபியையே நிறுத்திவிடுகிறார்கள். நிதானத்தைப் பழக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டிய வேளையே அதுதான்.

ஆபத்துகளை மறைக்கப் போவதில்லை. தண்டுவட நீர் காயத்தின் வழியாகக் கசிவது, அதனால் மூளையுறை அழற்சி, காயத்தில் தொற்று, காலில் ரத்தம் உறைவது, சிறிது காலம் சிறுநீர்க் குழாய் தேவைப்படுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பலம் குறைந்துபோவது. பல எலும்புகளின் பின்சுவரை எடுத்தால் முதுகு முன்னோக்கி வளையும் ஆபத்தும் உண்டு. ஆனால் அது கழுத்திலும், கழுத்து மார்போடு சேரும் இடத்திலும்தான் அதிகம். உங்கள் பகுதியை விலா எலும்புகள் இருபுறமும் தாங்கிப் பிடித்திருக்கின்றன.

மிச்சம் வைத்தால் வளராதா என்று கேட்டீர்கள். புற்று போலத் தானாகப் பெருகாது. ஆனால் இந்தக் கொழுப்பு உங்கள் உடம்பின் மற்றக் கொழுப்போடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. நீங்கள் பருத்தால் அதுவும் பருக்கும். 12 கிலோ கூடிய பிறகு வலது கால் மரத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கர்ப்ப காலத்திலும் எடை கூடும்போதும் இந்த நோயின் குறிகள் மோசமாவது நன்கு அறியப்பட்ட ஒன்று. எடை குறைந்ததும் குறிகள் தணிந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே எடையைக் குறைப்பது உங்களுக்கு அழகுக்கான காரியம் இல்லை, வைத்தியத்தின் ஒரு பாதி. பட்டினி கிடக்க வேண்டாம், மாதம் ஒன்றிரண்டு கிலோ போதும். ஆனால் எடை குறையட்டும் என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் தயங்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேரம் கட்டுப்படியாகாது. மற்ற நோய்களுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதப்பட்டால் இந்தக் கட்டியைப் பற்றி அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால், அதை இந்த வைத்தியம் முடிந்த பிறகு பேசுவோம். எதற்காகவேனும் முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதாக இருந்தால், ஊசிக்கு முன்பே மயக்க மருந்து நிபுணர் உங்கள் ஸ்கேனைப் பார்த்தாக வேண்டும்.

கதிர்வீச்சு, கீமோதெரபி, கட்டியைக் கரைக்கும் மாத்திரை என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். முதிர்ந்த கொழுப்பை அவை ஒன்றும் செய்யாது. முதுகை முறுக்கி நெட்டி எடுப்பவர்களிடமும் போகாதீர்கள்.

பின்னாளில் வரப்போகும் ஒரு அதிர்ச்சிக்கு இப்போதே உங்களைத் தயார்படுத்துகிறேன். அறுவை சிகிச்சைக்குச் சில மாதங்களுக்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் வெள்ளைப் படலம் இருக்கத்தான் செய்யும். அறிக்கையில் "மீதமுள்ள கட்டி" என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு சொற்களைப் பார்த்து வீடே அழுததை நான் அறிவேன். அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது வேறு: தண்டுவடத்தைச் சுற்றி நீர் தெரிகிறதா, அதற்கு மூச்சுவிட இடம் இருக்கிறதா? அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதித்தால் போதும். மீண்டும் குறிகள் இறங்கத் தொடங்கினால் இரண்டாவது முறை திறப்பதும் உண்டு, ஆனால் ஒட்டுத் தழும்புக்குள் நுழைவதால் அது முதல் முறையைவிடக் கடினம்.

நடக்க முடியாமல் போய்விடுவேனா என்ற கேள்விக்கு உறுதிமொழி தர என்னால் முடியாது, யாராலும் முடியாது. இன்று நீங்கள் யார் துணையும் இல்லாமல் நடக்கிறீர்கள். இந்தக் கட்டியோடு என்னிடம் வந்தவர்களில் உங்கள் நிலையில் வந்தவர்களுக்காக நான் அதிகம் கவலைப்பட்டதில்லை, காத்திருந்து வந்தவர்களுக்காகவே கவலைப்பட்டிருக்கிறேன்.

முதல் நிபுணரிடம் திரும்பப் போங்கள். இந்த வகைக் கட்டியைத் தண்டுவடத்தில் எத்தனை முறை தொட்டிருக்கிறார் என்று கேளுங்கள். "இரண்டு அல்லது மூன்று" என்றால் அது குறைவான எண்ணிக்கை இல்லை, ஆனால் மற்றத் தண்டுவடக் கட்டிகளில் அவருக்குக் கைப்பழக்கம் இருக்க வேண்டும். நரம்புக் கண்காணிப்பு இருக்குமா, எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவார், உறையை அகலப்படுத்தித் தைப்பாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் முதுகைக் கொடுக்கலாம். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஒரு அல்ட்ராசவுண்ட் பரிசோதனையும் அதே நாளில் செய்துவிடுங்கள்.

அதுவரை இரவில் விளக்கில்லாமல் எழுந்து நடக்காதீர்கள். பின்பட்டை உள்ள காலணி அணியுங்கள், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். பாதத்தில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம், வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ, தெரியாமல் கசிந்தாலோ, உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, ஓரிரு நாளில் கால் பலம் சட்டென்று இறங்கினாலோ, தேதி பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். அக்காவுக்காக மருத்துவக் கட்டுரை தேடிப் படிக்கிற தம்பி வாய்ப்பது எளிதில்லை. அந்தக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதில் உள்ள நோயாளிகளின் வயதையும் கட்டி இருந்த இடத்தையும் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதை நிபுணரின் முன்னால் அவரே சத்தமாகப் படிக்கட்டும்.